கனடாவைத் தொடும் கப்பல்

1

எங்கள் கல்யாணத்துக்கு வருகிற ஆவணியில் ஐம்பது வருஷம் ஆகிறது. அதைக் கொண்டாட என் மகன் என்னைக் கப்பலில் ஏற்றி அலாஸ்காவில் பனிமலை காட்டப் போவதாகச் சொன்னான். நான் இருப்பது அமெரிக்காவில், சியாட்டில் நகரத்துக்குப் பக்கத்தில், மகன் வீட்டில். கல்யாண மாப்பிள்ளை இருப்பது மதுரை திருநகரில், எங்கள் வீட்டில். பெண்ணை மட்டும் கூட்டிக்கொண்டுபோய் ஐஸுக்கு முன்னால் நிறுத்திப் போட்டோ எடுத்தால் அது யாருடைய கல்யாண நாள் என்று கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் டி.வி.யில் கப்பல் படங்களைப் போட்டார்கள்.

ஊரில் இருக்கிறவர்களுக்கு, அதிலும் "உனக்கென்ன மரகதம், அமெரிக்காவுல உக்காந்திருக்க" என்று போனில் பெருமூச்சு விடுகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். உட்கார்ந்திருப்பது உண்மைதான். பதினாறு மாதமாக அதை மட்டும்தான் செய்கிறேன்.

காலையில் மகன் ஜெயசீலன் முதலில் கிளம்புவான். பிறகு மருமகள் பெனிட்டா கிளம்புவாள். போகிற வழியில் பேத்தி ரூத்தைப் பள்ளியில் இறக்கிவிடுவாள். அதற்கப்புறம் நானும் வீடும். வாசல் கதவுக்குப் பக்கத்தில் காலிங்பெல் இருக்கிற இடத்தில் ஒரு கண் வைத்திருக்கிறார்கள். நான் கதவைத் திறந்து படியில் கால் வைத்தால் ஆபீசில் இருக்கும் மகனுடைய போனில் நான் தெரிவேன். உடனே அந்தக் கண்ணுக்குள்ளிருந்து அவன் குரல் வரும்.

"அம்மா, எங்க கெளம்பிட்ட?"

"குப்பை போட."

"குப்பை வண்டி நாளைக்குத்தாம்மா. வெளிய குளிரு. உள்ள போ."

பெற்ற பிள்ளையே கதவுக்குள் உட்கார்ந்துகொண்டு 'உள்ளே போ' என்று சொல்லும் காலத்தைப் பார்த்துவிட்டேன். ஒரு நாள் அந்தக் கண்ணுக்கு நேராக நின்று பவுடர் போட்டுப் பொட்டை நேராக வைத்துக்கொண்டேன். கிறிஸ்தவப் பெண் பொட்டு வைப்பாளா என்று கேட்காதீர்கள்; ஸ்டிக்கர் பொட்டு ரூத்துடையது, சும்மா கிடந்தது. அந்த வீடியோவை மகன் தன் ஆபீஸ்காரர்களுக்கெல்லாம் காட்டினானாம். அவர்களும் சிரித்தார்களாம்.

ரூத்துக்குப் பதின்மூன்று வயது. அப்பத்தா என்று முழுசாகச் சொல்ல அவளுக்கு நேரமில்லை. முதலில் 'பத்தா' என்றாள், இப்போது 'பத்து' என்கிறாள். பெனிட்டாவுக்கு அது பிடிக்கவில்லை. எனக்கு வருத்தமில்லை. நான் அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். அங்கே எனக்கு யாரும் பத்துகூடப் போட்டதில்லை.

2

ஆறு மாதம் என்று சொல்லி வந்தவள் எப்படிப் பதினாறு மாதம் ஆனேன் என்றால், ஒரு கையெழுத்தால்.

வந்த நாலாம் மாதம் மகன் ஒரு கட்டு பேப்பரைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தான். "அம்மா, உனக்குப் பச்சைக் கார்டுக்கு எழுதிப் போடறோம். கையெழுத்துப் போடு" என்றான். பச்சைக் கார்டு என்றால் நமக்கு என்ன? அரிசி கார்டு. வெள்ளைக் கார்டு என்றால் சீனி மட்டும்தான் தருவான், பச்சை என்றால் அரிசியும் உண்டு. திருநகர் வீட்டுக்குக் குடிவந்த புதிதில் அந்தப் பச்சைக் கார்டுக்காக நான் தல்லாகுளம் ஆபீசுக்கும் வீட்டுக்கும் எத்தனை பஸ் ஏறி இறங்கியிருப்பேன். இங்கே உட்கார்ந்த இடத்துக்கே கொண்டுவந்து தருகிறான், நல்ல ஊர் என்று நினைத்தேன். காட்டிய இடத்திலெல்லாம் 'வே. மரகதம்' என்று போட்டுக்கொடுத்தேன். போட்டுவிட்டுத்தான் கேட்டேன்.

"இதுக்கு அரிசி எத்தனை கிலோடா?"

அன்றைக்கு அந்த வீட்டில் எழும்பிய சிரிப்பு இருக்கிறதே, ஒரு வாரம் ஓய்வில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு வரும் தமிழ்க் குடும்பங்களுக்கெல்லாம் சொன்னார்கள். ஆனால் அந்தக் கார்டு என்றால் உண்மையில் என்ன என்று ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை. ஒரு மாதம் கழித்து வக்கீலம்மா ஆபீசுக்குக் கூட்டிப் போனபோதுதான் புரிந்தது. அது இங்கேயே இருந்துவிடுவதற்கான சீட்டு.

வக்கீலம்மா இங்கிலீஷில் சொன்னதைப் பெனிட்டா எனக்குத் தமிழில் சொன்னாள்.

"அத்தை, நம்ம விண்ணப்பம் முடியற வரைக்கும் நீங்க இந்த நாட்டை விட்டு வெளிய கால் வைக்கக் கூடாதாம். போயிட்டு வர்றதுக்கு அனுமதிக் கடிதம் கேட்டிருக்கோம், அது எப்ப வரும்னு தெரியாது. அது இல்லாம ஒரு எட்டு வெளிய வச்சாலும் விண்ணப்பம் செத்துருமாம்."

"செத்தா எங்க அடக்கம் பண்ணுவாங்க?" என்று கேட்டேன்.

பெனிட்டா சிரித்துவிட்டாள். என்ன, என்ன என்று வக்கீலம்மா கேட்க, அவளுக்கும் சொன்னாள். அந்த அம்மாவும் சிரித்து என் கையைப் பிடித்துக் குலுக்கினாள். நான் வெளியே வந்து காரில் உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டுக்கொண்டேன். அதை நானாகப் போட்டுக்கொள்ள அன்றைக்குள் பழகியிருந்தேன்.

மகனுடைய கணக்கு என்னவென்று பிறகு தெரிந்தது. அவன் அப்பாவுக்குப் பிளேன் ஆகாது. பஸ் போகிற ஊருக்குத்தான் போவேன் என்கிற மனுஷன். மிஷன் பள்ளிக்கூடத்தில் முப்பத்தைந்து வருஷம் கிளார்க்காக இருந்தவர், ஒரு நாள்கூட வேறு நாற்காலியில் உட்காராதவர். அம்மாவை இங்கேயே நிறுத்திவிட்டால் அப்பா தானாக வந்துவிடுவார் என்று இவன் நினைத்தான். ஆட்டைக் கட்டி வைத்துப் புலியைக் கூப்பிடுகிற மாதிரி. ஆடு கத்துகிறது. புலி திருநகரில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறது.

"ஏங்க, ஒரு தடவை வந்து பாத்துட்டுத்தான் போங்களேன்" என்றேன் ஒரு நாள் போனில்.

"நான் அங்க வந்து என்ன பண்ண? ஐஸ் விக்கவா?" என்றார்.

3

கப்பலுக்கு வருவோம். மார்ச் மாதத்தில் ஒரு சனிக்கிழமை மத்தியானம் சாப்பிட்ட தட்டைக்கூட எடுக்காமல் கப்பல் பார்க்க ஆரம்பித்தார்கள். மூன்று பெரிய கப்பல், நாலாவதாக ஒரு சின்ன ஏற்பாடு. சின்ன ஏற்பாடு பெனிட்டாவுடையது: அலாஸ்கா வரை பிளேனில் போய் இறங்கி, அங்கே ஒரு படகு எடுத்து, ஒரே பகலில் பனிமலையைப் பார்த்துவிட்டுத் திரும்புவது. அவளுக்குத் தண்ணீரில் போனால் குமட்டும். ஒரு வாரம் குமட்டுவதற்கு ஒரு பகல் குமட்டினால் போதும் என்பது அவள் கட்சி.

ஜெயசீலனுக்குப் பெரிய கப்பல்தான். ஒவ்வொன்றாகத் திரையில் போட்டுக் காட்டினான். பதினெட்டு மாடி, நாலாயிரம் பேர், பத்து இடத்தில் சாப்பாடு. மொட்டை மாடியில் நீச்சல் குளம். அதற்கு மேலே சறுக்குமரம்.

"சுத்தியும் தண்ணி. அதுக்குள்ள ஒரு கப்பல். அதுக்குள்ள ஒரு தண்ணியா?" என்றேன்.

"அது சுடுதண்ணிம்மா."

"ஐஸ் பாக்கப் போற எடத்துல?"

"அத்தை சொல்றது சரிதான்" என்றாள் பெனிட்டா. அவள் கட்சிக்கு ஓட்டு விழுகிறதென்று அவளுக்குச் சந்தோஷம்.

ரூத் காதில் மாட்டியிருந்ததில் ஒன்றை மட்டும் கழற்றிவிட்டு என் பக்கம் சாய்ந்தாள். "பத்து, அந்த ஐஸ் மலை கன்னு போடும். நாம பாக்கலாம்."

"கன்னா?"

"ஆமா. பெருசா சத்தம் வரும். டமால்னு. கன்னு தண்ணில விழும்."

"சீம்பால் உண்டாடி?"

பெனிட்டா இடையில் வந்து விளக்கினாள். பனிமலையிலிருந்து ஒரு துண்டு உடைந்து கடலில் விழுவதை இங்கிலீஷில் அப்படித்தான் சொல்வார்களாம். ரூத் அதை அப்படியே தமிழாக்கிவிட்டாள். அவளுடைய தமிழ் முழுக்க அப்படித்தான். சொல்லெல்லாம் நம்முடையது, யோசனை மட்டும் வேறே எங்கிருந்தோ வரும். நான் சிரித்தேன். பிறகு ஒன்று நினைத்தேன். இன்னும் இரண்டு வருஷத்தில் அந்தச் சொல்லும் இருக்காது. கன்றுக்குட்டி பேச்சாவது இன்றைக்கு எங்கள் இரண்டு பேருக்கும் நடுவே கிடக்கிறதே என்று இருந்தது.

"உனக்கு எது வேணும்மா?" என்று கடைசியில் மகன் கேட்டான்.

"எனக்கென்னடா. எதுல போட்டாலும் போறேன்."

அன்றைக்குப் பெனிட்டாவின் படகு ஏறக்குறைய ஜெயித்துவிட்டது.

4

எங்கள் வீட்டுக்காரருக்கு வீடியோவில் பேசத் தெரியும், போனைப் பிடிக்கத் தெரியாது. மேஜையில் மல்லாக்கப் போட்டுவிட்டுப் பேசுவார். பதினாறு மாதமாக நான் பார்ப்பது என் வீட்டுக்காரரை இல்லை, என் வீட்டு ஃபேனை. மூன்று றெக்கையில் ஒன்று வேறே ஃபேனுடையது, ரிப்பேர்காரன் மாற்றிப்போட்டது. மற்ற இரண்டும் வெள்ளை, அது காப்பிக்கலர். சுற்றும்போது காப்பிக்கலரில் ஒரு வட்டம் தெரியும். அந்த வட்டத்தைப் பார்த்துக்கொண்டே நான் அவரோடு சண்டை போடுவேன்.

எனக்குச் சாயங்காலம் ஏழு என்றால் அவருக்குக் காலை ஏழரை. கப்பல் பேச்சு நடந்த அடுத்த வாரம் அப்படி ஒரு சாயங்காலம் போன் போட்டேன்.

"சாப்ட்டீங்களா?"

"ஆச்சு, இட்லி. நீ எதுக்குப் புள்ள தெனமும் கேக்கற? நிம்மதியா இருக்கேன். கேக்க ஆளில்ல, வைய ஆளில்ல."

நான் ஃபேனைப் பார்த்தேன். காப்பிக்கலர் வட்டத்தைக் காணவில்லை. ஃபேன் எங்கோ உயரத்தில் ஒரு நீளக் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது.

"எங்க இருக்கீங்க?"

"வீட்டுலதான்."

"நம்ம வீட்டுக் கூரை எப்ப அம்புட்டு உசரத்துக்குப் போச்சு?"

அந்தப் பக்கத்தில் யாரோ ஒரு பெண் "ஐயா, கையைக் குடுங்க, பிரஷர் பாக்கணும்" என்று சொன்னது கேட்டது.

"ஒண்ணுமில்ல மரகதம். கோரிப்பாளையம் பக்கத்துல ஒரு ஆஸ்பத்திரி. பாத்ரூம்ல லேசா வழுக்கிருச்சு. எலும்பெல்லாம் நல்லா இருக்குன்னுட்டாங்க. ரெண்டு நாளு படுத்துட்டுப் போகச் சொல்றாங்க."

"எப்ப வழுக்குச்சு?"

"நேத்து."

"எம்புட்டு நேரம் கெடந்தீங்க?"

இட்லியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். நான் மறுபடி கேட்டேன்.

"பக்கத்து வீட்டுத் தம்பி பேப்பர் வாங்க வர்றவரைக்கும்" என்றார். "அவன்தான் சோறும் கொண்டாந்து தர்றான். உன் சோத்துக்கு நல்லாவே இருக்கு."

"அப்ப அங்கனயே இருங்க" என்று வைத்துவிட்டேன். பக்கத்து வீட்டுத் தம்பி எத்தனை மணிக்குப் பேப்பர் வாங்க வருவான் என்று எனக்குத் தெரியும். இவர் படித்து முடித்து, மத்தியானம் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் வருவான். காலையில் குளிக்கப் போனவர் அதுவரை ஈரத் தரையில் கிடந்திருக்கிறார்.

மகனுக்கு இது தெரிந்திருந்தது. அவர் முதலில் அவனுக்குத்தான் சொல்லியிருக்கிறார்.

"நீ பயந்துருவேன்னுதாம்மா சொல்லல" என்றான்.

"பயப்படல. என்னய அனுப்பி விடு. இடுப்புக்குத் தைலத்தத் தேச்சு விட்டுட்டு அடுத்த பிளேனப் புடிச்சு வந்துர்றேன்."

"கேட்டியா பெனிட்டா? அடுத்த பிளேனப் புடிச்சு வந்துருவாங்களாம். பெரியார் பஸ் ஸ்டாண்டுல ஏறி எறங்குற மாதிரி" என்று சிரித்தான்.

பெனிட்டாவும் சிரித்தாள். எனக்கும் வாய் சிரித்துவிட்டது, பழக்கம்.

5

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து மறுபடி கப்பலை எடுத்தார்கள். பெனிட்டா படகுக்கு நாள் குறிக்கத் தயாராக இருந்தாள். ஜெயசீலனும் இறங்கிவந்துவிட்டான்.

"சரி, படகே இருக்கட்டும். பெரிய கப்பல்னா வேற ஒரு தொல்லையும் இருக்கு. சியாட்டில்ல ஏறி சியாட்டில்லயே எறங்குற கப்பல் எல்லாம் வழியில கனடாவுல ஒரு ஊரத் தொட்டுட்டுத்தான் வரணுமாம். சட்டம் அப்படி. கடைசி நாளு சாயங்காலம் நாலு மணி நேரம் அங்க நிக்கும். நமக்கு எதுக்கு அது?"

நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். கனடா என்ற சொல் காதில் விழுந்ததும் கை நின்றது. கனடா வேறே நாடு. ஒரு எட்டு வெளியே வைத்தால் விண்ணப்பம் செத்துவிடும் என்று வக்கீலம்மா சொன்னதை இவன் மறந்துவிட்டான். பெனிட்டாவும் மறந்துவிட்டாள். எனக்கு மறக்கவில்லை.

என்ன நினைத்தேன் என்பதை மறைக்காமல் எழுதுகிறேன். 'நீ வாங்கித் தரும் கார்டு எனக்கு வேண்டாமடா' என்று மகனிடம் எப்படிச் சொல்வது? அவன் அதற்காக எத்தனை நாள் லீவு போட்டு வரிசையில் நின்றான் என்று எனக்குத் தெரியும். சொன்னால் அவன் முகம் எப்படி ஆகும் என்றும் தெரியும். ஆனால் கப்பல் தானாகக் கனடாவைத் தொட்டு, சட்டம் தானாக என்னை வெளியே தள்ளினால்? யாரும் யாரையும் குறை சொல்ல வேண்டாம். அவன் பாடுபட்டான், நானும் இருந்தேன், கப்பல்தான் கெடுத்தது. ஆவணிக்குள் நான் திருநகரில் இருப்பேன்.

"எனக்குப் பெரிய கப்பல்தான் வேணும்" என்றேன்.

மூன்று பேரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு இது வேண்டும் என்று நான் சொல்லி அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை.

பிறகு பத்து நாள் நான் ஓட்டுக் கேட்டேன். ரூத்திடம் சறுக்குமரத்தைப் பற்றியே பேசினேன். பெனிட்டாவிடம், "சின்னப் படகுதாம்மா ஆடும். இந்தக் கப்பலப் பாரு, மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்ட அப்படியே பேத்துத் தண்ணியில விட்ட மாதிரி இருக்கு. இது எங்கிட்டு ஆடப்போவுது?" என்றேன். அவள் கப்பலின் நீள அகலத்தைப் போனில் பார்த்துவிட்டு யோசிக்க ஆரம்பித்தாள்.

மகனுக்குத்தான் கடைசியாக வைத்திருந்தேன். ஒரு அறையில் நாலு படுக்கை இருக்கும் என்று அவன் காட்டியிருந்தான். கீழே இரண்டு, சுவரிலிருந்து மடக்கி இறக்குவது இரண்டு.

"நாலு பேரும் ஒரே ரூம்ல படுக்கலாம்லடா? நீ என்கூட ஒரே ரூம்ல படுத்து எத்தனை வருஷமாச்சு."

அதற்கு மேல் அவன் ஒன்றும் கேட்கவில்லை. அந்தக் கப்பலையே எடுத்துவிடுவோம் என்றான். நான் சொன்னது பொய்யில்லை. அதனால்தான் சொன்னபிறகு அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

6

டிக்கெட் போடுகிற ஏஜென்ட் ஒரு புதன்கிழமை சாயங்காலம் போனில் வந்தார். ஜெயசீலன் ஸ்பீக்கரில் போட்டு ஒவ்வொருவர் பேராகச் சொன்னான். அவன் பேருக்கு ஒரு நிமிஷம், பெனிட்டாவுக்கு ஒரு நிமிஷம், ரூத்துக்கு அரை நிமிஷம். என் பேருக்கு வந்ததும் அந்த ஆள் நிறையக் கேட்டார்; என்னென்ன என்று பெனிட்டா பிறகு சொன்னாள். எந்த நாட்டுப் பாஸ்போர்ட்? கனடா விசா இருக்கிறதா? இங்கே எந்தச் சீட்டில் இருக்கிறார்? எனக்கு இங்கிலீஷ் வராது. ஆனால் மகன் பதில் சொல்லச் சொல்ல அவன் குரல் இறங்கிக்கொண்டே போனது எனக்கு விளங்கியது. ஸ்பீக்கரை அணைத்துவிட்டு எழுந்து ஜன்னல் பக்கம் போய்ப் பேசினான். பிறகு போனை வைத்தான்.

"அம்மா, அந்தக் கப்பல்ல நீ ஏறவே முடியாது. உனக்குக் கனடா விசா வேணும். அதை வாங்கி ஏறினாலும் உன் பேப்பர் அம்புட்டும் போச்சு. வக்கீலம்மா சொன்னது உனக்கு ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"இருந்துமா அந்தக் கப்பல்தான் வேணும்னு நின்ன?"

வயசான பொம்பளை, மறந்துட்டேன் என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனியில் இருந்தது. சொல்லியிருந்தால் எல்லோரும் சிரித்திருப்பார்கள், பெனிட்டாவின் படகு ஜெயித்திருக்கும், நான் இன்னொரு வருஷம் இங்கேயே கீரை ஆய்ந்திருப்பேன்.

"இருந்ததாலதான் நின்னேன்" என்றேன்.

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பாத்தியா பெனிட்டா, அம்மா தப்பிச்சுப் போகப் பிளான் போட்டிருக்காங்க" என்று ஆரம்பித்தான்.

பெனிட்டா அவன் கையைப் பிடித்தாள். "சிரிக்காதீங்க. அத்தை சிரிக்கல."

ரூத் காதில் இருந்த இரண்டையும் கழற்றி மேஜையில் வைத்தாள்.

"ஊருக்குப் போகணும்னா என்கிட்டச் சொல்ல வேண்டியதுதானம்மா" என்றான் மகன்.

"எத்தனை தடவைடா சொல்ல? என் பொறந்த நாளைக்கு என்ன வேணும்னு கேட்டீங்க, டிக்கெட்டுன்னேன். சிரிச்சீங்க. பெனிட்டா அண்ணன் ஊருக்குப் போறப்ப அவரு பொட்டிக்குள்ள ஏறி உக்காந்தேன். போட்டோ எடுத்தீங்க. உங்கப்பா ஈரத்துல கெடந்தாருன்னு தெரிஞ்ச அன்னைக்குச் சொன்னேன், அனுப்பி விடுன்னு. பெரியார் பஸ் ஸ்டாண்டுன்ன."

"நீ சிரிச்சுக்கிட்டே சொன்ன."

"அழுதுக்கிட்டுச் சொன்னா நீ தாங்க மாட்ட. சிரிச்சுக்கிட்டுச் சொன்னா உன் காதுல ஏறல. நான் எப்படித்தான்டா சொல்லட்டும்?"

அவன் நாற்காலியை இழுத்து என் எதிரில் உட்கார்ந்தான். அவனுக்கு நாற்பத்தேழு வயது. முன்பக்கம் முடி கொட்டிவிட்டது. அவனைக் கிட்டத்தில் அப்படிப் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது.

"கார்டு வந்தா அப்பாவும் வந்துருவாருன்னு நெனச்சேம்மா. ரெண்டு பேரும் என்கூட இருப்பீங்கன்னு."

"தெரியும்."

"இப்ப நீ போனா, பேப்பரத் திருப்பி வாங்கணும். அதுக்கப்புறம் சும்மா பாத்துட்டுப் போக விசா கேட்டாலும் தருவானா தெரியாது. நீ இங்க திரும்பி வர்றது கஷ்டம்மா. அத யோசிச்சியா?"

யோசிக்காமலா? பத்து நாளாக அதை மட்டும் யோசிக்காமல் இருக்கத்தான் சறுக்குமரத்தைப் பற்றி அவ்வளவு பேசினேன். இந்தப் பக்கம் இருந்தால் அவரைப் பார்க்க முடியாது. அந்தப் பக்கம் போனால் இவர்களைப் பார்க்க முடியாது. எந்தக் கதவைத் திறந்தாலும் இன்னொரு கதவு சாத்திக்கொள்கிற மாதிரிதான் இந்த வீட்டைக் கட்டியிருக்கிறார்கள்.

"பத்து, நீ போனா வர மாட்டியா?" என்று கேட்டாள் ரூத்.

"நீ வா."

"எனக்கு அங்க யாரும் தெரியாது."

"எனக்கும் இங்க அப்படித்தான்டி."

அவள் மாடிக்குப் போய்விட்டாள். கதவைச் சாத்திய சத்தம் கேட்டது. பெனிட்டா அவள் பின்னால் போனாள்.

7

மறுநாள் போனில் எங்கள் வீட்டுக்காரரிடம் சொன்னேன். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டார். காப்பிக்கலர் வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது.

"சீலன்கிட்டச் சொல்லிட்டேன்."

"என்னன்னு?"

"வாரேன்னு."

"எதுக்குப் புள்ள? கார்டு வர்ற நேரத்துல. பயலும் எம்புட்டு அலைஞ்சான். இருந்து வாங்கிட்டு வந்தா என்ன?"

"நிம்மதியா இருக்கீங்கல்ல. அதைக் கெடுக்கத்தான்."

 

"நான் சொன்னத நீயும் நம்பிட்டியா?" என்றார்.

ஐம்பது வருஷம் ஒரு மனுஷனோடு இருந்திருக்கிறேன். என் பேச்சை யாரும் காதில் வாங்கவில்லை என்று முந்தின நாள்தான் மகனிடம் அவ்வளவு பேசினேன். தினமும் சாயங்காலம் ஏழு மணிக்கு இந்த ஆளும் என்னைப் போலவே சிரிப்பில் மறைத்துத்தான் சொல்லிக்கொண்டிருந்தார், நானும் சிரித்துவிட்டுத்தான் போனை வைத்திருக்கிறேன்.

"ஆமா, நம்பிட்டேன்" என்றேன்.

"சரி, வா" என்றார்.

சனிக்கிழமை ஜெயசீலன் மறுபடி மடியில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு சோபாவில் உட்கார்ந்தான். வக்கீலம்மாவிடம் பேசிவிட்டான். பேப்பரைத் திருப்பி வாங்குவதற்கு ஒரு கடிதம் போதுமாம். ஜூன் மாதம் பெனிட்டாவின் சித்தி மதுரைக்குப் போகிறார், அவரோடு எனக்கும் டிக்கெட். கப்பலை விட்டுவிடுவோம் என்று அவன் சொன்னான். கூடாது என்று நான்தான் பிடிவாதமாகச் சொன்னேன். பிள்ளை அந்த ஐஸ் விழுகிற சத்தத்தைக் கேட்க வேண்டும் என்று ஆசைப்பட்டது.

ரூத் மூன்று நாளாக என்னோடு சரியாகப் பேசவில்லை. அன்றைக்கு வந்து என் பக்கத்தில், ஆனால் என் மேல் படாமல் உட்கார்ந்தாள். பெனிட்டா நின்றுகொண்டிருந்தாள்.

திரையில் அந்தக் கப்பலின் அறை இருந்தது. அதற்குக் கீழே எத்தனை பேர் என்று கேட்டு, 4 என்று போட்டிருந்தது. ஒரு பக்கம் கூட்டல் குறி, இன்னொரு பக்கம் கழித்தல் குறி. ஜெயசீலன் அம்பைக் கழித்தல் குறிக்குக் கொண்டுபோனான். அங்கேயே வைத்திருந்தான். பிறகு விரலை எடுத்துவிட்டான்.

"என்னால முடியலம்மா. நீயே அமுக்கு."

எனக்கு அந்த இயந்திரத்தைத் தொட்டுப் பழக்கமில்லை. அவன் என் விரலைப் பிடித்து, எங்கே அமுக்க வேண்டும் என்று காட்டிவிட்டுக் கையை விலக்கிக்கொண்டான். அமுக்கினேன். நாலு மூன்றானது. அறையின் படமும் மாறியது. சுவரிலிருந்து இறங்கியிருந்த படுக்கைகளில் ஒன்றைக் காணவில்லை.

மூன்று பேரும் என் முகத்தையே பார்த்தார்கள். ஏதாவது வேடிக்கையாகச் சொல்வேன், சிரித்துவிட்டு எழுந்து போகலாம் என்று காத்திருந்தார்கள். அஞ்சாம் வகுப்புக்காரி, கழித்தல் கணக்கு என்று என்னவோ ஒன்று வாய் வரைக்கும் வந்தது. நல்லதாகவே வந்தது.

நான் அதைச் சொல்லவில்லை.